பூவுக்கு வால் எலும்பு கிடையாது

பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்கே இல்லாத ஒரு வண்டியில் என் அக்காவை உட்காரவைத்து, அவளுடைய முதுகு நோகாமல் தோட்டத்தின் கீழ்க்கோடி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஒரு தவக்காலம் முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை இதுதான். கூலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு உண்டு. அதிலும் அந்த நாட்களில் கறி கிடையாது.

அப்போது சிராங்கூன் சாலைக்குப் பின்னால், தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் எனக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு வண்டிகளை உள்ளே விட்டால் மூன்றாவது கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில்தான் நிற்கும். எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. பிடோக் வீட்டுக்குப் புது மின்விசிறி வாங்கியபோது, நான் பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் அதைக் கூரையில் மாட்டிவிடச் சொல்லி என் மனைவி ஆள் பிடித்தாள். கையில் கிடைத்தால் பிரித்துப் போட்டுவிடுவேன் என்று பயம். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது.

அக்கா வேலை பார்த்தது சுவா சூ காங் பக்கம் ஓர் ஆர்க்கிட் தோட்டத்தில். அத்தான் அங்கே மேற்பார்வை. தோட்டம் மேட்டில் தொடங்கிச் சரிந்து ஒரு குளத்தில் போய் முடியும். குளக்கரையில்தான் வெள்ளைப் பூக்கள். அவற்றுக்கு அக்காதான் பொறுப்பு. எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர், எந்தக் கொத்தை என்றைக்கு வெட்டுவது என்பதெல்லாம் அவள் கணக்கு. வேறு யாராவது கை வைத்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல அர்ச்சனை நடக்கும்.

வருஷக் கடைசி மழையில் பலகைப் பாதையில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். வால் எலும்பில் அடி. எலும்பு உடையவில்லை, ஆனால் ஆற நாளாகும், மேடு ஏறி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே பூக்கட்டும் கொட்டகையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் அதில் உட்கார்ந்தபடி, குளக்கரையில் தன் பூக்களை யாரோ வெட்டுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, நல்ல மனிதர். வயதான சீனர், எங்களோடு மலாயில் பேசுவார். ஈஸ்டருக்குத் தேவாலயங்களிலிருந்து வெள்ளைப் பூவுக்கு நிறைய ஆர்டர் வரும், அதுவரை பார்ப்போம், அதற்கு அப்புறமும் குளக்கரைக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது.

"வீட்ல இருந்து என்னா செய்யுறது?" என்று என்னிடம் கேட்டாள். அவர்களுக்குப் புக்கிட் பாத்தோக்கில் பத்தாவது மாடியில் புது வீடு. "எதிர் பிளாக்குல காயப்போட்ட துணிய எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கவா? எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்லா."

அந்த நேரத்தில்தான் தவுக்கேயின் மைத்துனர் ஜொகூரில் இருந்த தம் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பழைய வண்டியை அனுப்பிவைத்தார். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில், மோட்டார் சைக்கிளின் சீட்டு, ஆனால் கீழே உப்பிப்போன நான்கு குண்டுச் சக்கரங்கள். முன்னாலும் பின்னாலும் சாமான் வைக்க இரும்புக் கம்பிக் கேரியர். பெரிய ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது, தோட்டத்துக்குள் மட்டும்தான். பின் கேரியரில் அக்காவை வைத்துக் குளக்கரைக்குக் கொண்டுபோகலாமே என்று அத்தானுக்குத் தோன்றியது. முதல் நாள் அப்படிப் போனதில் அக்கா அழுதுவிட்டாள். அழுததை அவள் சொல்லவில்லை, அத்தான்தான் போன் போட்டுச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்த கையோடு ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன்.

மனசு கேட்காதது பாதிதான். மீதிப் பாதி அந்த வண்டியைப் பார்க்கும் ஆசை.

குனிந்து பார்த்தேன். முன் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு சின்ன ஸ்பிரிங் இருந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் கோத்து, அந்தத் தண்டை அப்படியே சட்டத்தில் இறுக்கிவிட்டிருந்தார்கள். இப்படிச் செய்தவனுக்கு முதுகு என்று ஒன்று இருந்திருக்குமா என்று யோசித்தேன். அடுத்து டயர். நான்கும் தொளதொளவென்று, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போயின. எவ்வளவு காற்று வேண்டும் என்று எழுதிய ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துபோயிருந்தது. தேக்காவில் தொழில் பழகியவனுக்குக் காற்று குறைந்த டயரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. காற்று இறங்கிய வண்டியை வாடிக்கையாளரிடம் கொடுத்தால் சந்து முழுக்கச் சிரிப்பார்கள். கால் பம்பை வைத்து நான்கையும் கிண்ணென்று ஏற்றினேன். பார்க்க அம்சமாக இருந்தது.

பின் கேரியரில் ஒரு பலகை, அதன்மேல் ஜாலான் புசாரில் சோபா தைக்கிறவரிடம் வாங்கிய தடித்த ஸ்பாஞ்சு, மேலே ரெக்சின். அக்கா கைலியும் அத்தானின் முழுக்கைச் சட்டையுமாக வந்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவதுபோல ஒருக்களித்து உட்கார்ந்தாள். அத்தான் ஓட்டினார். குளக்கரைக்குப் போய்த் திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"எப்படிக்கா?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

இங்கே என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் குறை சொல்லாத பொருள் இந்தத் தீவில் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் சன்னல் சரியில்லை, புடவைக் கடைக்குப் போனால் வெளிச்சம் சரியில்லை, கோயிலில் சாமியாரின் பிரசங்கம் நீளம், கல்யாண வீட்டில் பிரியாணி குழைவு. அவளோடு தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போக அத்தான் ஏதாவது சாக்கு வைத்திருப்பார். அப்படிப்பட்டவள் ஒன்றை நல்லாத்தான் இருக்கு என்றால் அது நிஜமாகவே நன்றாக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் அவள் இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று அடுத்த வாரம் நொறுக்கப்போன ஒரு டாக்சியிலிருந்து ஸ்பிரிங் வைத்த சீட்டைக் கொண்டுபோனேன். குழியில் விழுந்தபோது அது அழகாக உள்வாங்கியது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. குழி தாண்டிப் போய்விட்டது, பாதை சமமாகிவிட்டது, அக்கா மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தாள். ஸ்பிரிங்கை அடக்க எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர் ஒன்று கூடவே வேண்டும், இல்லாவிட்டால் அது வாங்கிய உதையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அக்கா இறங்கி வந்து, "நல்லாத்தான் இருக்கு, பரவாயில்ல," என்றாள். தெரிந்த பாடத்தையே சந்தேகப்பட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு எவர்சில்வர் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். மனிதர்கள் சொல்வதைவிடத் தண்ணீர் சொல்வது துல்லியமாக இருக்கும் என்று ஒரு யோசனை. சீட்டில் அக்கா உட்காரும் இடத்தில் ஒரு பிரிமனை வைத்து, அதில் சொம்பை இருத்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அத்தானை அனுப்பினேன். திரும்பி வந்தபோது சொம்பில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அத்தானின் முதுகெல்லாம் ஈரம். அதே சீட்டில் அக்காவை அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அக்கா ஒன்று சொல்கிறாள், சொம்பு வேறொன்று சொல்கிறது. நான் யாரைச் சந்தேகப்பட்டேன் என்றால், சொம்பை. அடி உருண்டை, அதனால்தான் ஆடுகிறது என்று முடிவுகட்டி, அடி தட்டையான ஒரு மங்குக் கிண்ணம் கிடைக்குமா என்று கொட்டகை முழுக்கத் தேடினேன்.

குழாயடியில் நான் மங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மச்சான், ஒன்னு சொல்றேன். நான் சொன்னேன்னு சொல்லிராத. ஞாயித்துக்கெழம சாயந்தரம் வீட்டுக்குப் போனா அவ குப்புறதான் படுத்துக்கெடக்குறா. சுடுதண்ணிப் பையி வெச்சுக்கிட்டு."

"பின்ன ஏன் நல்லா இருக்குன்னு சொல்றா?"

"ஒறுத்தல்லா, மச்சான். சாம்பல் புதன் அன்னிக்கு எடுத்துக்கிட்டா. இந்தத் தவக்காலம் முழுக்கக் குறை சொல்ல மாட்டாளாம்."

எங்கள் ஆட்களில் தவக்காலத்துக்கு எதையாவது விடுவது வழக்கம்தான். கறியை விடுவார்கள், சிகரெட்டை விடுவார்கள், படம் பார்ப்பதை விடுவார்கள். என் மனைவி அந்த வருஷம் காப்பியை விட்டுவிட்டு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். வயிற்றைக் கட்டுவது சுலபம், வாயைக் கட்டிப் பாருங்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் ஏதோ சொல்லப்போக, எந்தப் பிரசங்கத்தையும் நீளம் என்று சொல்லும் அக்கா அதை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். ஒறுத்தலைத் தம்பட்டம் அடித்தால் பலன் போய்விடும் என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

எனக்கு வந்த கோபத்தில் மங்கைக் கீழே போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் தீவின் குறுக்கே வண்டியோட்டி வந்து, வாயே திறக்காத ஒருத்தியை வைத்துச் சோதனை நடத்திக்கொண்டிருக்கிறேன். நேராக அவளிடம் போனேன்.

"அக்கா, ஞாயித்துக்கெழம தவக்காலக் கணக்குல வராது. தெரியும்ல? இன்னிக்கு மட்டும் உள்ளதச் சொல்லு."

அவள் அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தொட்டிகளை எண்ணுவதுபோல நகர்ந்தார்.

"அதெல்லாம் ஒன்ன மாதிரி ஆளுங்க வசதிக்குக் கண்டுபுடிச்சது," என்றாள்.

"வலிக்குதா இல்லியான்னு சொல்றது குறையா? அது இன்ஃபர்மேஷன்."

"எது குறை, எது இன்ஃபர்மேஷன்னு எனக்குத் தெரியும்."

"இப்பிடி வாய மூடிக்கிட்டு இருந்தீன்னா ஈஸ்டருக்கு அப்புறம் வீட்லதான் உக்காரணும். துணிய எண்ணிக்கிட்டு."

அவள் முகம் சுருங்கியது. "ஆண்டவருக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சு என்னா? மெக்கானிக்குக்குத் தெரிய வேணாமா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நேர்ந்துகொண்டதை நேர்ந்துகொண்டபடி முடிப்பவள் அவள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம், பின் கேரியரில் அவளுக்கு இரண்டு பக்கமும் வைத்துக் குளக்கரையிலிருந்து கொண்டுவந்த வாளிகளிலிருந்து பூக்களை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் கோபம் தணியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, "ஐயோ, இதப் பாரேன்," என்றாள். "இதழெல்லாம் கன்னிப்போச்சு. இந்த வாளி பூரா இப்படித்தான். எப்படிப் போட்டு ஒலுக்கிருக்கு."

நான் நிமிர்ந்தேன். "குறை சொல்ற மாதிரி இருக்கே?"

"இது என் குறை இல்லடா. பூவோட குறை."

எனக்கு ஒரு கதவு திறந்துவிட்டது. அவள் தன் வலியைத்தான் விட்டிருந்தாள், பூவின் வலியை விடவில்லை. "சரி, பூ எப்படி வந்துச்சு, அதச் சொல்லு. மொதல்லேருந்து சொல்லு," என்றேன். அவளுக்கும் நாக்கு நமநமத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கொட்டினாள். மேட்டில் ஏறும்போது கொத்துகள் பின்னால் சாய்ந்துவிடுகின்றன, குளத்து வளைவில் பக்கவாட்டில் அடிக்கின்றன, நுனி மொட்டுதான் முதலில் உதிர்கிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் ஒன்று சொன்னாள். வலது பக்கத்து வாளியில்தான் இத்தனை சேதம், இடது பக்கத்து வாளியில் பூ பூவாகவே வந்திருக்கிறது.

ஏன் இடது மட்டும்? கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்துபோய் வண்டிக்குக் கீழே படுத்தேன். ஸ்பிரிங் இல்லை, பின்பக்கம் முழுக்க ஒரே இரும்பு, அப்படியிருக்க ஒரு பக்கம் மட்டும் எப்படி மெத்தென்று போகும்? கடைசியில் டயரைத் தொட்டேன். இடது பின் டயரில் ஒரு முள் ஏறி, நான் ஏற்றிய காற்று நாள்கணக்கில் கசிந்து, பழையபடி தொளதொளவென்று ஆகியிருந்தது. வண்டி இடது பக்கமே இழுக்கிறது என்று அத்தான் அந்த வாரம் சொன்னதற்கும் அதுதான் காரணம்.

எனக்குப் புரிந்துபோனது. பின்னால் ஸ்பிரிங் வைக்க மறந்துவிடவில்லை. அந்தக் குண்டு டயர்தான் ஸ்பிரிங். கொஞ்சமே கொஞ்சம் காற்றோடு, மண்ணில் பதிந்து, கல்லைச் சுற்றி அமுங்கிப் போவதற்காகச் செய்தது. அதைத்தான் நான் அம்சமாக இருக்கட்டும் என்று பம்படித்துப் பாறையாக்கியிருந்தேன். முள்ளைப் பிடுங்கி ஒட்டுப் போட்டேன். நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். என் பட்டறை மீட்டரில் அவ்வளவு குறைந்த காற்றைக் காட்ட முள்ளே அசையாது. அதனால் முழங்காலால் அழுத்தி அழுத்தி, எல்லாம் ஒரே மாதிரி தொப்பை விடும்வரை சரிபார்த்தேன். தேக்கா ஆட்கள் யாரும் அந்தக் கோலத்தில் வண்டியைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது.

அதற்குப் பிறகு பூக்களைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை நடந்தது. டாக்சி சீட்டைத் தூக்கிப்போட்டுப் பழைய ஸ்பாஞ்சையே திரும்ப வைத்தேன். முன் ஸ்பிரிங்குகளைச் செம்பனைக் குலை ஏற்றுவதற்காகக் கடைசிவரை இறுக்கி வைத்திருந்தார்கள், அதைத் தளர்த்தினேன். மேட்டில் ஏறும்போது அக்காவின் பாரம் பின் சக்கரத்துக்கும் பின்னால் இறங்குவதால் முன்பக்கம் லேசாகி, ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. அத்தான் ஹேண்டில்மேல் கவிழ்ந்து, தாடை இடிக்க ஏறுவார். வாளிகளை முன் கேரியருக்கு மாற்றினேன், வண்டி மண்ணைப் பிடித்துக்கொண்டது. குளத்து வளைவுதான் பெரிய தொல்லை. கார் திரும்பும்போது உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்றும். இதில் இரண்டும் ஒரே தண்டு, ஒரே வேகம். அதனால் வண்டி திரும்ப மனமில்லாமல் நேரே குளத்தைப் பார்த்துப் போகும். வெளிப்பக்கத்து மிதியில் காலை ஊன்றி, உடம்பை மட்டும் உள்பக்கம் சாய்த்தால், உள்சக்கரம் லேசாகிக் கொஞ்சம் சறுக்கிக்கொடுக்கிறது என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு அந்த வளைவிலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று ஓர் இதழ்கூடக் கன்றாமல் பூ வந்து சேர்ந்தது. தவுக்கே ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாகுஸ்," என்றார். நன்றாக இருக்கிறது என்று மலாயில் அவர் சொன்னால் அது பெரிய விஷயம். நான் கால் தரையில் படாமல் நடந்தேன்.

அப்போது அக்கா பின் சீட்டிலிருந்து இறங்கினாள். கொட்டகைத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே அழுத்தியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "பூவெல்லாம் சொகமா வந்துச்சுடா," என்றாள்.

பூவுக்கு வால் எலும்பு கிடையாது. நான் பூவுக்கு வண்டி செய்து முடித்திருந்தேன். ஈஸ்டருக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஈஸ்டர் அன்று மத்தியானம் புக்கிட் பாத்தோக் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. அக்கா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஒரு தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"இப்பக் கேளு," என்றாள்.

மடை திறந்தது. "அந்த ஸ்பாஞ்சு இருக்கே, உக்கார்றப்ப மெத்துன்னுதான் இருந்துச்சு. மொத குழியிலயே அடிப் பலக வந்து முட்டுச்சு பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. டாக்சி சீட்ட வெச்சியே, அது குழி போயி எம்மா நேரமாகியும் என்னையத் தூக்கித் தூக்கிப் போடுது. இவரு முன்னால ஜாலியா ஓட்டுறாரு, நான் பின்னால கெடந்து குதிக்கிறேன். டயருல காத்த எறக்குனியே, அது ஒன்னுதான் நீ செஞ்ச உருப்படியான வேல. அப்புறம் பூவ முன்னால மாத்துன. பூ சொகமாப் போயிருச்சு, நான் மட்டும் பின்னால தனியாத் தொங்குறேன். ஒருக்களிச்சு உக்காந்தா ஒரு பக்க இடுப்புலயே அம்புட்டு அடியும் எறங்குதுடா. கால ஊணுறதுக்கு ஒரு எடம் வெச்சியா நீ? ஒரு மிதி? ஒரு கம்பி?"

பூசையில்கூட நான் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. ஒவ்வொரு வாரமும் எந்தக் குழியில் எங்கே வலித்தது என்று அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. என் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இத்தனையையும் இவள் முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று தாங்கமுடியாமலும் இருந்தது.

"இதெல்லாம் விடு," என்றாள் கடைசியில். "எடமே தப்பு. இவருக்குக் குழி கண்ணுல தெரியுது. மிதியில கால ஊணிக்கிறாரு, முட்டிய மடக்கி லேசா எந்திரிச்சிக்கிறாரு. எனக்குக் குழி இருக்குறது முதுகுலதான் தெரியுது."

"அப்ப நீயே ஓட்டு," என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே.

"அதத்தான் சொல்றேன்," என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

நான் எலும்பைக் கடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ஜோடிச் சக்கரங்களுக்கும் நடுவில், ஆட்டம் குறைந்த இடத்தில், காலை ஊன்ற மிதியோடு ஒரு சீட்டு முதல் நாளிலிருந்தே அந்த வண்டியில் இருந்தது. அவள் பாரம் நடுவில் வந்துவிட்டால் முன்பக்கம் தூக்குகிற தொல்லையும் பாதி தீர்ந்துவிடும். பூ முன்னால் பாதி, பின்னால் பாதி போகலாம். இத்தனை வாரம் கீழே படுத்துப் புரண்டதில் இது ஏன் தோன்றவே இல்லை? வண்டி என்றால் ஆண் முன்னால், பெண் பின்னால் என்று எங்கள் மண்டையில் யாரோ போல்ட் போட்டு முறுக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு அதைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் பட்டறையைத் திறக்கவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் பின் சீட்டைப் பிரித்துப் போட்டேன். ஹேண்டிலைத் தளர்த்தி, அக்கா குனியாமல் பிடிக்கும்படி அவள் பக்கம் சாய்த்து இறுக்கினேன். நடுச் சீட்டில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்று போதும் என்றாள், நடுவில் மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொன்னாள், வால் எலும்பு எதிலும் படாதபடி. வெட்டினேன். அத்தானின் கால்சட்டையைப் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கூச்சத்தில் யாரையும் பார்க்காமல் காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்தாள்.

ஹேண்டில் விசையைக் கட்டைவிரலால் தள்ளினால் ஓடும், எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். முதல் தள்ளலில் வண்டி துள்ளியது. கொட்டகையிலிருந்து தவுக்கே "பெலான், பெலான்!" என்று கத்தினார், மெதுவாக, மெதுவாக என்று. பிறகு அவள் தானாகவே பெலானாகப் போனாள். குழி வருமுன்பே வேகத்தைக் குறைத்து, மிதியில் ஊன்றி, ஒரு விரற்கடை எழுந்து, தாண்டியதும் உட்கார்ந்தாள். மேட்டின் விளிம்பில் மறைந்துபோனாள். நாங்கள் மூன்று பேரும் குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தான் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

வண்டிச் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் வெள்ளைப் பூ. அப்புறம் அக்கா.

யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். தூணைப் பிடிக்கவில்லை, இடுப்பில் கை வைக்கவில்லை. தவுக்கே வாளிகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பெசோக்?" என்று கேட்டார், நாளைக்கும் உண்டா என்று.

"போலே," என்றாள் அக்கா, முடியும் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

குளக்கரையில் இன்னும் ஒரு வாளி நின்றது. அதை எடுக்க அவள் கிளம்பியபோது நான் பின் கேரியரில் ஏறிக்கொண்டேன். அந்த இடத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. ஸ்பாஞ்சு இல்லை, பலகை இல்லை, வெறும் கம்பி.

மேட்டு விளிம்பைத் தாண்டியதும் முதல் குழி. அவள் எழுந்து உட்கார்ந்தாள், எனக்குக் குழி வருவதே தெரியவில்லை. கம்பி என் வால் எலும்பில் ஏறிய வேகத்தில் பல் அடித்துக்கொண்டு நாக்கு கடிபட்டது. கண்ணில் பொறி பறந்தது. தவக்காலம் முழுக்க, நோகும் முதுகோடு, இந்த இடத்தில்தான் இவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"எப்படிடா இருக்கு பின்னால?" என்று திரும்பாமலே கேட்டாள்.

அவள் முதுகு நேராக இருந்தது. கையில் ஹேண்டில், எதிரே குளமும் வெள்ளைப் பூவும். இந்த நேரத்தில் என்னத்தைச் சொல்ல?

"நல்லாத்தான் இருக்கு, அக்கா," என்றேன்.

அடுத்த குழி வருவதற்கு வெகுமுன்பே கட்டைவிரலை எடுத்து, வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, என்னை அதில் மெதுவாக இறக்கி ஏற்றிக் கொண்டுபோனாள்.